வண்டி இல்லாதவர் கட்டும் வரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் எரிபொருள் வரி பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களே மேசை நிறைய இருப்பதால், இந்த முறை பக்கம் முழுக்க அதற்குத்தான். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் 27 வருடம் கணக்கு எழுதியவன். டீசல் விலை ஏறினால் அது யார் யார் வீட்டுக்குள் போகிறது என்பதை அந்த நோட்டுகளில்தான் பார்த்தேன்.

"நான் நான்கு வீடுகளில் வேலை செய்கிறேன். எங்களிடம் சைக்கிள்கூட இல்லை. 'பெட்ரோல் வரி ஏறினால் உனக்கென்ன?' என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்கிறார். ஆனால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. நான் எங்கே வரி கட்டுகிறேன்?" (ஒரு வாசகி)

அம்மா, நீங்கள் கட்டுகிறீர்கள். பங்க் வாசலில் நின்று கட்டவில்லை, அவ்வளவுதான்.

ஒரு லாரியின் டிரிப் ஷீட்டை விரித்து வைத்தால் அதில் இருப்பது இவைதான்: டீசல், சுங்கம், டிரைவர் படி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, புக்கிங் கமிஷன், டயர் தேய்மானம், வண்டித் தவணை. நான் எழுதிய ஷீட்டுகளில் மொத்தச் செலவில் பாதிக்குப் பக்கம் டீசல் ஒன்றுக்கே போகும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரி 800 கிலோமீட்டர் போக 200 லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு 5 ரூபாய் வரி ஏறினால் அந்த ஒரு நடைக்கு மட்டும் 1,000 ரூபாய் கூடுதல். அந்த ஆயிரம் எங்கோ போய் இறங்கியாக வேண்டும். லோடு அனுப்பியவர் மொத்த வியாபாரியிடம் தள்ளுவார், அவர் சில்லறைக் கடைக்காரரிடம் தள்ளுவார். கடைக்காரர் உங்களிடம் தள்ளுவார். உங்களுக்குப் பிறகு தள்ளுவதற்கு ஆளில்லை.

இத்தோடு முடியவில்லை. ஒரு பொருள் ஒரே ஒரு லாரியில் வருவதில்லை. விளைந்த இடத்திலிருந்து மண்டிக்கு ஒரு வண்டி, மண்டியிலிருந்து கிடங்குக்கு இன்னொன்று, கிடங்கிலிருந்து கடைக்குச் சின்ன வண்டி. தண்ணீர் இறைத்த என்ஜினும் டீசலில் ஓடியிருக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது. பில்லில் அதைத் தனியாக எழுதிக் காட்டுவதில்லை என்பதால் உங்கள் கண்ணில் படுவதில்லை. அப்புறம் பஸ் கட்டணம். நான்கு வீடுகளுக்கும் பஸ்ஸில் போகிறீர்கள் என்றால் அது ஐந்தாவது வரி.

வசதியானவர் வீட்டிலும் இதே பொருள்தான் இறங்குகிறது. ஆனால் அவர் வருமானத்தில் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் போவது ஒரு சிறு பங்கு. உங்கள் வருமானத்தில் பெரும் பங்கு அதற்குத்தான் போகிறது. அதனால்தான் ஒரே விலையேற்றம் அவருக்குத் தெரியாமலும் உங்களுக்கு வலித்தும் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு முறை டீசல் ஏறிய மறுநாள், ஒற்றை லாரி வைத்திருந்த ஒரு அண்ணன் கணக்கு முடிக்க வந்தார். வாடகை பத்து நாள் முன்பே பேசி முடித்தது. ஒரு காசு கூட்டிக் கேட்க முடியாது. ஷீட்டில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். டீசலில் கை வைக்க முடியாது, சுங்கத்தில் முடியாது, தவணையில் முடியாது. விரல் கடைசியில் "டிரைவர் படி" என்ற வரியில் வந்து நின்றது. நீல மையில் எழுதியிருந்த தொகையை நான்தான் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சின்னதாகக் குறைத்து எழுதினேன். டிரைவர் கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த நடைக்குக் கிளீனர் வரவில்லை, அவர் ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டு போனார். எரிபொருள் வரி யார் தலையில் விழுகிறது என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த அடித்து எழுதிய தொகைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

"பெட்ரோலை அதிகம் போடுவது கார் வைத்திருப்பவர்கள்தானே? அவர்களிடம் வரி வாங்கினால் ஏழைக்கு என்ன நஷ்டம்?" (கல்லூரி மாணவர்)

தம்பி, நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் 20 வளரும் நாடுகளின் கணக்கைப் பார்த்தார்கள். எரிபொருள் மானியத்தில், மேல்தட்டில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கு மக்களுக்குப் போவது அடித்தட்டில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்குக்குப் போவதைப் போல ஆறு மடங்கு என்று கண்டார்கள். அதனால் "விலையைக் குறைத்தால் ஏழைக்கு நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். குறைப்பில் பெரிய பங்கு பெரிய டேங்குக்குத்தான் போகிறது.

ஆனால் "எரிபொருள்" என்று ஒரே சொல்லில் மூன்றையும் கட்டிவிடக் கூடாது. பெட்ரோல் பெரும்பாலும் சொந்த வண்டிக்குப் போவது. டீசல் சரக்குக்கும் பஸ்ஸுக்கும் போவது. மண்ணெண்ணெய் விளக்குக்கும் அடுப்புக்கும் போவது, அதைப் பயன்படுத்துபவர் அநேகமாக ஏழை. மூன்றிலும் ஒரே மாதிரி வரி ஏற்றும் அரசாங்கம் மூன்று வேறு ஆட்களிடமிருந்து எடுக்கிறது. சொந்த பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையனுக்குப் பெட்ரோலும் டீசல் மாதிரிதான் என்பதையும் மறக்க வேண்டாம். அவன் கூலியிலிருந்துதான் டேங்க் நிறைகிறது.

"கச்சா எண்ணெய் விலை ஏறினால் மறுநாளே பங்கில் ஏறுகிறது. உலகச் சந்தையில் தரையில் விழுந்தபோதும் இங்கே ஏன் இறங்கவே இல்லை?" (மளிகைக் கடைக்காரர்)

இறங்க வேண்டிய இடத்தில் வரி ஏறி உட்கார்ந்துகொண்டது, அதுதான் காரணம். இந்தியாவின் கணக்கையே சொல்கிறேன், அது பொதுவில் இருக்கும் கணக்கு. 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரி வரை உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்துகொண்டே போனது. அந்தக் காலத்தில் மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை ஏற்றியது. பெட்ரோலுக்கு மொத்தம் லிட்டருக்கு 11.77 ரூபாய், டீசலுக்கு 13.47 ரூபாய்.

2020-இல் மறுபடியும் அதே கதை. கொரோனாவில் வண்டிகள் நின்றன. ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் ஒரு பீப்பாய் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37.63 டாலருக்குப் போனது. இங்கே மார்ச்சில் இரண்டுக்கும் லிட்டருக்கு 3 ரூபாய், மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 என்று கலால் வரி ஏறியது. மே மாத உயர்வு முழுக்கச் செஸ்ஸாகவும் (ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று தனியாகப் போடும் வரி) சிறப்புக் கூடுதல் வரியாகவும் போடப்பட்டது. அந்த இரண்டிலும் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. அதனால் மாநில அரசும் தன் வரியைக் குறைக்கத் தயங்கியது, இரண்டு பக்கமும் எதிர்ப்பக்கத்தைக் கை காட்டின. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் மத்திய வரி குறைக்கப்பட்டது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உங்கள் கேள்வியில் இன்னொரு பாதி இருக்கிறது. வரியை லிட்டருக்கு இவ்வளவு என்று போடலாம், விலையில் இத்தனை சதவீதம் என்றும் போடலாம். சதவீதமாகப் போட்டால் கச்சா எண்ணெய் ஏறும்போது வரியும் தானாகவே ஏறும். மக்கள் ஏற்கெனவே திணறும் நேரத்தில் அரசாங்கத்துக்கு எதிர்பாராத வரவு. அந்த வரவைப் பிடித்து வைக்காமல் திருப்பித் தருவதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

சரி, விலை ஏறுவது ராக்கெட் மாதிரி, இறங்குவது இறகு மாதிரி என்று பொருளாதார நிபுணர்களே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். புக்கிங் ஆபீஸில் நான் பார்த்ததும் அப்படித்தான். டீசல் ஏறியதும் வாடகையை ஏற்றச் சொல்லி போன் வரும். டீசல் இறங்கியதும் யாருமே போன் செய்ய மாட்டார்கள். ஏறிய பஸ் கட்டணம் திரும்ப இறங்கியதை நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்? அதனால் வரியை நினைத்தபோது ஏற்றி, பிறகு குறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது தப்பு. பங்கில் சரியாகும். கடையில் சரியாகாது.

"படகுக்கு டீசல் போடுகிறேன். கடலில் ஓடும் என்னிடம் ரோட்டுக்கான வரியை ஏன் வாங்க வேண்டும்?" (மீனவர்)

வாங்கக் கூடாது என்று பல நாடுகள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. பிரிட்டனில் விவசாய வண்டிகளுக்கான டீசலில் சிவப்புச் சாயம் கலந்து, மிகக் குறைந்த வரியில் விற்கிறார்கள். அந்த டீசலைச் சாதாரண வண்டியில் ஊற்றி ரோட்டில் ஓட்டினால், அதிகாரிகள் டேங்கிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கும்போது சாயம் காட்டிக்கொடுத்துவிடும். வரி போடுவதற்கு முன்னால் யார் எதற்காக ஊற்றுகிறார் என்று கேட்பதும் முடிகிற காரியம்தான்.

"வரிப் பணம் ரோடு போடத்தானே போகிறது? அப்புறம் ஏன் இவ்வளவு குறை?" (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஆரம்பம் அப்படித்தான் ஐயா. அமெரிக்காவில் முதன்முதலில் பெட்ரோல் வரி போட்ட மாநிலம் ஆரிகன். வருடம் 1919, கேலனுக்கு ஒரு சென்ட், பணம் ரோட்டுக்கு. பிரிட்டனில் 1909 பட்ஜெட்டில் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கேலனுக்கு 3 பென்ஸ் போட்டார், அதுவும் சாலை நிதிக்கென்று சொல்லித்தான். 1926-இல் நிதியமைச்சராக இருந்த சர்ச்சில் அந்தச் சாலை நிதியில் கை வைத்துப் பொதுச் செலவுக்கு எடுத்தார். 1937-இல் அந்த ஏற்பாடே முடிந்து, பணம் பொதுக் கருவூலத்துக்குப் போனது.

பொதுச் செலவுக்குப் போவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனால் சந்தோஷம். ஆனால் வசூலிக்கச் சுலபமான வரி என்பதால் அரசாங்கங்கள் இதன் மேலேயே சாய்ந்துகொள்கின்றன. சில சுத்திகரிப்பு ஆலைகளிலும் கிடங்குகளிலும் வசூலித்துவிடலாம், கோடிக்கணக்கான ஆட்களைத் தேடிப் போக வேண்டாம். வருமான வரியைச் சரியாக வாங்க உழைப்பும் துணிச்சலும் வேண்டும். அது குறையும் இடத்தில் டீசல் வரி ஏறுகிறது.

"சுற்றுச்சூழலுக்காகத்தான் வரி என்று பிரான்ஸ் சொன்னதே. அங்கே மக்கள் ஏன் தெருவில் இறங்கினார்கள்? பூமியைப் பற்றிக் கவலை இல்லையா அவர்களுக்கு?" (வாசகி, பள்ளி ஆசிரியை)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன், டீச்சர். கவலை இல்லை என்று அவர்களைச் சொல்வது அநியாயம்.

பிரான்ஸ் பல பத்தாண்டுகளாக டீசலுக்குக் குறைந்த வரி போட்டு, மக்களை டீசல் கார் வாங்க வைத்தது. நகரத்தில் வீட்டு வாடகை கொடுக்க முடியாதவர்கள் தள்ளிப் போய்க் குடியேறினார்கள். அங்கே பஸ் குறைவு, ரயில் இல்லை, வேலைக்குக் காரில்தான் போக வேண்டும். அப்படி அவர்கள் மாட்டிக்கொண்ட பிறகு வரி ஏறத் தொடங்கியது. 2019 ஜனவரி 1 அன்று டீசலுக்கு லிட்டருக்கு 6.5 சென்ட், பெட்ரோலுக்கு 2.9 சென்ட் இன்னும் ஏறப்போகிறது என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் பெரும் செல்வந்தர்கள் மேல் இருந்த சொத்து வரியை நீக்கி, அசையாச் சொத்துக்கு மட்டும் என்று சுருக்கியிருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் படிப்பு தேவையில்லை. 2018 நவம்பர் 17 அன்று இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சாலைச் சந்திப்புகளில் வந்து நின்றார்கள். ஒவ்வொரு காரிலும் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய மஞ்சள் நிற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். டிசம்பரில் அந்த உயர்வை அரசு கைவிட்டது.

இப்போது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைப் பாருங்கள். 2008 ஜூலை 1 அன்று கார்பன் வரி, அதாவது எரிபொருள் விடும் கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் வரி, போட்டார்கள். அதற்கு முந்தைய மாதமே ஆளுக்கு 100 டாலர் கொடுத்துவிட்டார்கள். வருமான வரியைக் குறைத்தார்கள், குறைந்த வருமானக்காரர்களுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கினார்கள். குளிரும் தூரமும் அதிகமுள்ள வடக்குப் பகுதிக்காரர்கள் முறையிட்டபோது அவர்களுக்கும் பிறகு தனிச் சலுகை சேர்த்தார்கள். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் வரி டன்னுக்கு 10 டாலரில் தொடங்கி, சொன்ன கணக்குப்படி வருடா வருடம் ஏறி, 2012-இல் 30 டாலரில் நின்றது.

அதே கனடாவில் மத்திய அரசு 2019-இல் கொண்டுவந்த வரியும் பணத்தின் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. ஆனால் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த தொகை எதற்கானது என்றே பலருக்குப் புரியவில்லை. பங்கில் கொடுத்தது மட்டும் தினமும் கண்ணில் பட்டது. 2025 ஏப்ரல் 1 அன்று அந்த வரியை எடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, கொடுத்தது கைக்குத் தெரிய வேண்டும் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பணக்கார நாடுகளால்தான் இது முடியும் என்று சொல்லிவிட முடியாது. இந்தோனேசியாவில் 2005 அக்டோபரில் எரிபொருள் விலை ஒரே நாளில் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. வீட்டு மண்ணெண்ணெய் 700 ரூபியாவிலிருந்து 2,000 ஆனது. கூடவே ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் ஒரு லட்சம் ரூபியா என்று கணக்கிட்டு, மூன்று மாதப் பணத்தைச் சேர்த்துத் தபால் ஆபீஸில் கொடுத்தார்கள். வரிசையில் நெரிசல், பட்டியலில் விடுபட்டவர்கள் என்று குறைகள் நிறைய. ஈரானில் 2010 டிசம்பரில் ஆளுக்கு மாதம் சுமார் நாலரை லட்சம் ரியால். விலை ஏறுவதற்கு முன்பே பணம் கணக்கில் போடப்பட்டிருந்தது, ஏறிய அன்று எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். பிற்பாடு பணவீக்கம் அந்தத் தொகையைத் தின்றுவிட்டது, அது உண்மை. ஆனாலும் முதலில் கையில் பணம், பிறகு விலை என்ற வரிசை சரியான வரிசை.

வரிசை தலைகீழானால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியா இருக்கிறது. 2012 ஜனவரி 1 அன்று, புத்தாண்டுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள், பெட்ரோல் 65 நைராவிலிருந்து 141 ஆனது. அது வரி உயர்வு இல்லை, மானியத்தை எடுத்தது. கொடுக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். நாடு முழுக்க வேலைநிறுத்தம் நடந்து, இரண்டு வாரத்தில் 97-க்கு இறக்கினார்கள்.

"ஒற்றை லாரி வைத்திருக்கிறேன். டீசல் ஏறும்போதெல்லாம் வாடகையைக் கூட்டிக் கேட்டால் பார்ட்டி (லோடு கொடுப்பவர்) முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்ன செய்ய?" (லாரி உரிமையாளர்)

ஏறிய பிறகு கேட்காதீர்கள், வாடகை பேசும்போதே கேளுங்கள். பெரிய கம்பெனிகள் போடும் ஒப்பந்தத்தில் டீசலுக்கென்று ஒரு நிபந்தனை இருக்கும்: இன்ன தேதியில் டீசல் இவ்வளவு, அதற்கு மேல் லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் வாடகை இவ்வளவு ஏறும், இறங்கினால் அதே அளவு இறங்கும். நீங்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் போதும். உங்கள் வண்டியின் மைலேஜையும் நடையின் தூரத்தையும் வைத்து லிட்டரைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 200 லிட்டர் நடைக்கு ஒரு ரூபாய் ஏற்றம் 200 ரூபாய், அவ்வளவுதான் கேட்கிறீர்கள் என்பது பார்ட்டிக்கும் புரியும். இறங்கும்போது நீங்களே போன் செய்து குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு முறை அப்படிச் செய்த லாரிக்காரரை எந்தப் பார்ட்டியும் விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. தயவுசெய்து டிரைவர் படியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

"அப்படியானால் எரிபொருள் வரியே வேண்டாம் என்கிறீர்களா?" (பெயர் குறிப்பிடாத வாசகர்)

இல்லை. புகை என் நெஞ்சிலும்தான் போகிறது. வரி இருக்கட்டும். ஆனால் ஏறுவதற்கு முன்னால் பஸ் வர வேண்டும், ஏழை வீட்டுக்குப் பணம் வர வேண்டும். கச்சா எண்ணெய் எகிறும்போது வரி தானாகக் குறைய ஒரு வழி சட்டத்திலேயே இருக்க வேண்டும். வசூலான பணம் எங்கே போனது என்று பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி வருடம் ஒரு முறை ஒரு தாளில் போட வேண்டும்.

"வீட்டுக் கணக்கு நோட்டு எழுதுகிறேன். எரிபொருள் வரி என் வீட்டில் எவ்வளவு எடுக்கிறது என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?" (இல்லத்தரசி)

துல்லியமாக முடியாது, ஆனால் நெருங்கிப் போகலாம். டீசல் விலை மாறாத ஒரு மாதத்தில் பத்துப் பொருளின் விலையையும் நீங்கள் வழக்கமாகப் போகும் பஸ் கட்டணத்தையும் முதல் பத்தியில் எழுதுங்கள். டீசல் ஏறிய பிறகு இரண்டு மாதம் கழித்து அதே பத்துப் பொருள், அதே கடை, அதே அளவு, இரண்டாவது பத்தியில். பருவத்தால் விலை மாறும் காய்கறியைச் சேர்க்காதீர்கள், குழப்பிவிடும். சோப்பு, உப்பு, தீப்பெட்டி, துடைப்பம் மாதிரி வருடம் முழுக்க ஒரே மாதிரி கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் முழுவதும் டீசல் இல்லை. ஆனால் டீசல் திரும்ப இறங்கும் ஒரு மாதம் வரும். அப்போது மூன்றாவது பத்தியை எழுதுங்கள். எந்தப் பொருள் இறங்கியது, எது அங்கேயே நின்றுவிட்டது என்று அந்தப் பத்தியில் தெரியும். எழுதி முடித்ததும் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களும் அனுப்பினால், அடுத்தடுத்து வைத்துப் பார்த்து இதே பக்கத்தில் எழுதுகிறேன்.